கண்ணாடிக் குழாய்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வயது 32. ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பை முடித்துப் பதிவு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கஜா புயல் அடித்த இரவில் டார்ச் வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தவள் நான். புதிதாக வரும் பி.எஸ்சி. நர்சிங் பெண்களுக்கு நரம்பு பிடித்துக் காட்டுவதும் நான்தான். ஆனால் சம்பளமும் மரியாதையும் அவர்களுக்குத்தான். டெக்சஸில் இருக்கும் என் அத்தை மகளும் என்னைப் போல் கீழ்நிலை நர்சாகத்தான் இருந்தாள். அங்கே ஏதோ இணைப்புப் படிப்பு இருக்கிறதாம், அடுத்த ஆண்டு ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ், ஆகிவிடுவாள். நமக்கு அப்படி வழி இல்லையா? ஒரு ஏஜெண்ட், வெளிமாநிலத்தில் பெயரைப் பதிந்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் போனால் போதும், ஜி.என்.எம். என்ற பொதுச் செவிலியர் பட்டயச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார். முன்பணமும் கொடுத்துவிட்டேன். எல்லா வேலையும் தெரிந்த எனக்கு வகுப்பில் உட்கார்ந்து கற்க என்ன இருக்கிறது? மகளுக்கு ஆறு வயது. இந்த வயதில் என்ன படிப்பு என்கிறார் மாமியார். நான் என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மாவுக்கு,

வகுப்பில் உட்கார்ந்து கற்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்ச காலமாக நான் யோசித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

வயது ஒரு பிரச்சினையே இல்லை. ஜி.என்.எம். சேர மற்றவர்களுக்கு 35 வயது வரம்பு உண்டு. பதிவு பெற்ற ஏ.என்.எம்.களுக்கு இந்திய செவிலியர் கவுன்சில் வயது வரம்பே வைக்கவில்லை. இதை மாமியாரிடம் சொல்லுங்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு உங்கள் கணவர் பதில் சொல்லட்டும். இவ்வளவு நீண்ட கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அமெரிக்காவில் உங்கள் அத்தை மகளின் நிலைக்கு எல்.பி.என். என்று பெயர், டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் எல்.வி.என். என்பார்கள். ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி, பிறகு உரிமத் தேர்வு. அதற்கு மேலே போக விரும்புகிறவர்களுக்கு, ஏற்கெனவே படித்ததைக் கணக்கில் எடுத்துச் சில பாடங்களைக் கழித்துக் கொடுக்கிற கல்லூரிகள் இருக்கின்றன. அதை முடித்த பிறகும் என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வில் வென்றால்தான் உரிமம். அவர் பரீட்சைக்கு மட்டும் போய்விட்டு வரவில்லை அம்மா. வார்டில் நின்றுதான் படித்திருப்பார்.

இனி அந்த ஏஜெண்ட். உங்கள் மீது எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். பதினோரு ஆண்டுகள் நோயாளிகளின் பக்கத்தில் நின்ற ஒரு பெண், வகுப்புக்கும் வார்டுக்கும் போகாமல் வாங்குகிற காகிதத்துக்கு எப்படி முன்பணம் கொடுத்தார்? உங்கள் மகளுக்கு நாளை ஊசி போடப்போகிறவர் அப்படிச் சான்றிதழ் வாங்கியவர் என்று தெரிந்தால் குழந்தையின் கையை நீட்ட விடுவீர்களா?

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், என் சித்தப்பாவின் காரணமாக.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். அறுவடை எந்திரம் இறங்க முடியாத சேற்று வயல் ஒன்றில் கையால் அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைத் தூக்கும்போது சித்தப்பாவின் புறங்காலில் ஏதோ கடித்தது. கண்ணாடி விரியன் என்றார் ஒருவர், தண்ணீர்ப் பாம்பு என்றார் இன்னொருவர். பாம்பு வரப்பில் மறைந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துப் பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த உதவியாளர் பெண் முதல் குத்திலேயே நரம்பு பிடித்தாள். நல்ல கை. ரத்தத்தை எடுத்து ஒரு பிளாஸ்டிக் குழாயில் விட்டு வைத்தாள். இருபது நிமிடச் சோதனை உங்களுக்குத் தெரியும். கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தின் உறையும் சக்தியைக் கெடுக்கும். ஆகவே இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. அவள் சாய்த்தபோது ரத்தம் தண்ணீராக ஓடியது. வாசலில் சித்தி அழத் தொடங்கினார். விஷமுறிவு மருந்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் இரவுப் பணிக்கு ஒரு சிஸ்டர் வந்தார். உங்களைப் போல ஏ.என்.எம்.மில் தொடங்கி, கிராமங்களில் நடந்து, பிறகு ஜி.என்.எம். படித்தவர். குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தவர் அந்தப் பெண்ணை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. புதிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். மறுபடி ரத்தம் எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதி, யாரும் தொடக்கூடாது என்று ஓரமாக வைத்தார். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தபோது ரத்தம் உறைந்து அசையாமல் நின்றது. டாக்டரிடம் போய்ச் சொன்னார். மருந்து ஃபிரிட்ஜுக்குத் திரும்பியது.

ரத்தம் உறைவதைத் தூண்டிவிடுவதில் கண்ணாடியின் பரப்புக்குப் பங்கு உண்டு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தம்கூட நேரத்துக்கு உறையாமல் போகலாம். கண்ணாடியாகவே இருந்தாலும் சோப்புப் பொடி போட்டுக் கழுவியிருந்தால் சோதனை பொய் சொல்லும். விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. தேவைப்படும்போது அதைவிட்டால் வேறு கதியில்லை. தேவையில்லாதவருக்கு ஏற்றினால் மூச்சு இறைத்து, ரத்த அழுத்தம் சரிந்து, அதுவே ஆளைக் கொண்டுபோய்விடலாம்.

ரத்தம் உறைந்துவிட்டது என்று அந்த சிஸ்டர் போய் உட்கார்ந்துவிடவும் இல்லை. மறுநாள்வரை திரும்பத் திரும்பச் சோதனை செய்தார். கட்டுவிரியனாகவோ நல்லபாம்பாகவோ இருந்தால் ரத்தம் ஒழுங்காகத்தான் உறையும், விஷம் தசைகளை இயக்கும் நரம்பைப் பிடிக்கும் என்று எங்களிடம் விளக்கினார். சித்தப்பாவை இமைக்காமல் மேலே பார்க்கச் சொன்னார், இமை தொங்குகிறதா என்று கவனித்தார். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். சித்தப்பா களத்தில் நெல் அளக்கிற பழக்கத்தில் ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று தொடங்கினார். எண்ணிக்கை குறைந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருளாம். இரவு முழுக்க எழுப்பி எழுப்பி எண்ணவைத்தார். காலையிலும் சித்தப்பா அதே அளவு எண்ணினார்.

விடியற்காலையில் அந்த சிஸ்டரிடம் கேட்டேன், இதையெல்லாம் வேலையில் கற்றீர்களா என்று. ஏ.என்.எம். காலத்தில் நானும் கையில் கிடைத்த குழாயில்தான் எடுத்தேன், ரத்தம் எப்படி உறைகிறது என்று ஜி.என்.எம். வகுப்பில் படித்த பிறகுதான் குழாயைப் பார்க்கக் கற்றேன் என்றார்.

அந்த உதவியாளர் பெண்ணின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவளுடைய கையில் ஒரு குறையும் இல்லை. காட்டிக் கொடுத்ததை அப்படியே செய்தாள். நாள்தோறும் செய்கிற வேலை நமக்குப் பழகிப்போகிறது. பழகியது சரியாக இருந்தால் நல்லது. தவறாகப் பழகியிருந்தால் பதினோரு ஆண்டுகளும் அந்தத் தவறைத்தான் உறுதிப்படுத்தும். எது தவறு என்று கைக்குத் தெரியாது. உடலியலும் மருந்தியலும் நுண்ணுயிரியலும் படித்தவருக்குத்தான் ஒரு குழாயைக் கண்டதும் சந்தேகம் வரும். வகுப்பில் உங்களுக்குக் கற்க இருப்பது இது.

ஆனால் உங்கள் ஆற்றாமையில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதை நான் விடமாட்டேன். பிளஸ் டூ முடித்து நேராக பி.எஸ்சி. போகிற பெண் நான்கு ஆண்டுகளில் பட்டதாரி. ஏ.என்.எம். இரண்டு ஆண்டுகள், ஜி.என்.எம். மூன்று, அதன் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு. கூட்டினால் ஏழு. வீட்டில் பணமில்லாமல் சிறிய படிப்பில் சேர்ந்தவளுக்கு மூன்று ஆண்டுகள் அதிகம். நடுவில் வேலை பார்த்த காலத்துக்குக் கணக்கே கிடையாது. பதினேழு வயதுப் பெண்களோடு முதலாம் ஆண்டில் உட்கார்ந்து, படுக்கை விரிப்பதிலிருந்து நீங்கள் தொடங்க வேண்டும். இது அநியாயம். அரசுப் பணியில் இருக்கிற கிராம சுகாதார செவிலியர்களின் நிலையும் இதுதான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் வெயிலிலும் மழையிலும் அலைகிறார்கள். அவர்களுக்குப் பதவி உயர்வு உண்டு, பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று. அது மேற்பார்வை வேலைக்கான ஏணி. ஒரு மருத்துவமனை வார்டில் ஸ்டாஃப் நர்சாக நிற்க வேண்டுமானால் அவர்களும் முதல் வகுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

ஊசி, டிரிப், படுக்கைப் பராமரிப்பு, பிரசவம் ஆகியவற்றில் அனுபவமுள்ள ஏ.என்.எம்.களை நோயாளியின் பக்கத்திலேயே நிறுத்திச் சோதித்து, தேறினால் அந்தப் பகுதிகளைக் கழித்துவிடலாம். மருந்தியலையும் உடலியலையும் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக்கூடாது. மூன்று ஆண்டுகள் இரண்டாகலாம். மாலை வகுப்பு வைக்கலாம். 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி பாடத்திட்டத்தைத் திருத்தும்போது இதைச் செய்யச் சொல்லி உங்கள் சங்கங்கள் எழுதிக் கேட்க வேண்டும். சம்பளத்துக்குக் கொடி பிடிக்கிற சங்கங்கள் படிப்புக்கும் பிடிக்கட்டும்.

அது நடக்கும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. மாநில செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ள பள்ளியா என்று பார்த்து, மன்னார்குடியோ தஞ்சாவூரோ, பஸ்ஸில் போய் வரக்கூடிய இடத்தில் விண்ணப்பம் போடுங்கள். உங்கள் ஏ.என்.எம். பதிவு உயிரோடு இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். பலர் இதில்தான் நின்றுபோகிறார்கள். அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் கேட்பது முறையான ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. தகுதியும் கவுன்சில் பதிவும். ஏஜெண்டின் சான்றிதழோடு அங்கே போனால், படித்த ஏ.என்.எம்.முக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

முன்பணம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அசல் சான்றிதழ் எதையாவது ஏஜெண்டிடம் கொடுத்திருந்தால் பணத்துக்கு முன்னால் அதை வாங்குங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.