அப்லேஷன் செய்தால் இதயத் துடிப்பு நிரந்தரமாகச் சீராகுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58. குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. எட்டு மாதமாகத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். ஷாக் கொடுத்தும் மூன்றே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் அப்லேஷன் செய்யச் சொல்கிறார்கள். முழுசாகக் குணமாகுமா? ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை அதன்பிறகு நிறுத்தலாமா? வெட்டுக்கத்தி லேசாகப் பட்டாலே ரத்தம் நிற்க மாட்டேன் என்கிறது.

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷரும் சுகரும் சேர்ந்திருப்பவருக்கு, துடிப்பு சீரான பிறகும் பக்கவாத அபாயம் இருக்கிறது. அதனால் அப்லேஷனுக்குப் பிறகும் மாத்திரையைத் தொடரவே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஓராண்டுக்கு மேல் துடிப்பு மாறாமல் இருப்பவர்களில் சிலருக்கு நிறுத்தலாமா என்று 2025-இல் வந்த ஆய்வுகள் கேட்டிருக்கின்றன; அதை அவருடைய மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கத்தி பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கட்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் பலருக்கு ரத்தம் நிற்பதில்லை. அசிட்ரோம் போன்ற மாத்திரை என்றால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

இனி, குணமாகுமா என்பது. நுரையீரல் சிரைகள் இதயத்தில் சேரும் இடத்திலிருந்துதான் இந்தத் தாறுமாறு பெரும்பாலும் கிளம்புகிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோ மருத்துவர்கள் காட்டினார்கள். தொடை இடுக்குச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டு, மின் தொடர்பைத் துண்டிப்பதே அப்லேஷன். வந்து வந்து போகும் வகைக்கு இது நன்றாகக் கேட்கிறது. ஏழு நாளைத் தாண்டி நீடிக்கும் வகையில், உங்கள் வீட்டுக்காரருக்கு இருப்பது இதுதான், இடது மேலறையின் சுவரே கெட்டுப்போகத் தொடங்கியிருக்கும். அதனால் பலன் குறைகிறது.

2015-இல் வெளியான ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில் இப்படிப்பட்ட 589 பேர் இருந்தார்கள். சிரை வாய்களின் மின் தொடர்பை மட்டும் துண்டித்துக்கொண்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு, ஒரே முறை செய்து, 18 மாதம் வரை அது திரும்பவில்லை. கூடுதலாக வேறு இடங்களையும் சுட்ட இரண்டு குழுக்களில் அது 49, 46 சதவீதம்தான். ஆகவே ‘நிறைய இடத்தில் சுட்டால் உறுதியாகக் குணமாகும்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் 30 வினாடி திரும்ப வந்தாலே தோல்விக் கணக்கு. நாள் முழுக்கத் தாறுமாறாக ஓடியது மாதத்தில் சில நிமிடமாகக் குறைந்து, தோட்டத்து மேட்டில் மூச்சுவாங்காமல் பால் வாளியைச் சுமக்கிறவரும் அந்தக் கணக்கில் தோல்விதான். எனக்கு அது வெற்றி.

அவருடைய எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து மூன்று விஷயம் கேளுங்கள்: இடது மேலறை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது, மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, பம்பிங் எப்படி? வால்வு சுருக்கம் இருந்தால் மொத்தக் கணக்கும் வேறு. பம்பிங் குறைந்திருந்தால் அப்லேஷனுக்கு வலுவான காரணம் உண்டு. 2018-இல் வந்த கேசில் ஏ.எஃப். ஆய்வில், இதயம் பலவீனமானவர்களில் மரணமோ இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதோ நேர்ந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தோரில் 44.6 சதவீதம், அப்லேஷன் செய்தோரில் 28.5 சதவீதம்.

இந்தத் தாறுமாறு விடாமல் ஓராண்டைத் தாண்டிவிட்டால் அப்லேஷனின் பலன் இன்னும் குறையும். ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் காலம் வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். அதுவரை தொப்பை, குறட்டை, குடி இந்த மூன்றையும் பாருங்கள். பிறகு திரும்ப வருவதற்கு இவையே பெரிய காரணங்கள்.

செய்தபின் இரண்டு மூன்று மாதம் துடிப்பு அவ்வப்போது தடுமாறும். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். தொடை இடுக்கில் ஊசி போட்ட இடம் ஆற ஒரு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது. அபூர்வமாக, இதயத்தின் பின்னால் இருக்கும் உணவுக்குழாயில் சூடு பட்டு, சில வாரம் கழித்து ஓட்டை விழும். காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குளறல் வந்தால் உடனே அப்லேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கள். வழியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ வேறெங்கோ காட்ட நேர்ந்தால், அப்லேஷன் நடந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த நிலையில் எண்டோஸ்கோப்பி ஆபத்து, சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும்.