தோட்டத்து ரோட்டுக்கு ஒரு மதகு வேண்டும் என்று பிரதேச சபையிடம் போனால் நடக்குமா? மலையகத்தில் யாருக்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு மதகு கிடைத்தது. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. அதில் கட்டி முடிக்கப் போனது பதினொரு நாள்தான். மிச்சமெல்லாம் "இது யாருடைய ரோடு?" என்ற கேள்விக்குப் பதில் தேடி அலைந்த நாட்கள்.

நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரும் சபையின் பெயரும் வேண்டாம், நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வீடு மேல் டிவிசனில், பழைய லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). மெயின் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு இரண்டு கிலோமீற்றர் சொச்சம். இடையில் ஒரு ஓடை குறுக்கிடும். அதன் மேல் வெள்ளைக்காரன் காலத்துக் கல் மதகு ஒன்று இருந்தது. 2020 மழையில் அதன் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தூறல் விழுந்தாலே ஓட்டோக்காரர் மதகுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி "இறங்கிக்குங்க டீச்சர்" என்பார். அரிசியும் கேஸ் சிலிண்டரும் அங்கிருந்து தோளில் ஏறும்.

2021 ஆரம்பத்தில் லயத்து ஆட்கள் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சபை ஒபிசுக்குப் போனேன். கடிதத்தை வாசித்தவர் நல்ல மனுசன்தான். "அது தோட்ட ரோடு தானேம்மா, துரையைப் பாருங்க" என்றார். துரையிடம், அதாவது தோட்ட மனேஜரிடம், போனால், "காணி அரசாங்கத்தோடது, நாங்க குத்தகைக்கு எடுத்து நடத்துறவங்க. ஜனங்க போற ரோட்டைச் சபைதானே செய்யணும்?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் மட்டும் கம்பனிகளின் கைக்குப் போனது, நிலம் அரசிடமே இருக்கிறது. நாங்கள் நடக்கிற தரை அரசாங்கத்தினது, பராமரிப்பு கம்பனியினது, எங்கள் ஓட்டு சபையினது.

இதற்கு ஒரு சட்டக் கதை இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஒபிசில் வாதாட இது தேவைப்படும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்தைத் தனியார் இடம் மாதிரியே ஒதுக்கி வைத்தது. 1991இல் முதல் பிரதேச சபைத் தேர்தல் நடந்தபோது எங்கள் அப்பாவின் வயதுக்காரர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் தெரிவு செய்த உறுப்பினரால் அவர்கள் லயத்து முற்றத்தில் ஒரு கூடை கல் கொட்ட முடியவில்லை. கொட்டினால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று பயந்தார்கள். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம். திருத்தம் வந்து இரண்டு வருடம் கழித்தும் எங்களுக்கு "துரையைப் பாருங்க" என்ற பதில்தான் வந்தது. சட்டம் மாறிய செய்தி கவுண்டர் வரைக்கும் வந்து சேர நேரமெடுக்கும் போல. அடுத்த முறை அந்தத் திருத்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கையில் கொண்டு போனேன். பேச்சு உடனே மரியாதைக்கு மாறியது.

இன்னொரு வாதமும் வரும், தயாராக இருங்கள். "லயத்து ஆட்கள் மதிப்பீட்டு வரி கட்டுறதில்லையே?" இதை என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். உண்மை, லயத்துக்கு வரி நோட்டீஸ் வருவதில்லை, லயம் எங்கள் பெயரிலும் இல்லை. ஆனால் சபையின் காசு மதிப்பீட்டு வரி மட்டுமா? பெரிய பயிர்க்காணிக்கு ஏக்கர் வரி இருக்கிறது. நீதிமன்றக் குற்றப்பணமும் காணி உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரை வரியும் மாகாண சபை வழியாகச் சபைக்கு வருகின்றன. சபையின் கடை வாடகை இருக்கிறது. சம்பள நாளில் அந்தக் கடைகளில் நிற்பது யார்? எங்கள் ஆட்கள்தான். இதைச் சொன்னதும் கேட்டவர் சிரித்துவிட்டு டீ சொன்னார். சீனி கொஞ்சம் அதிகம்.

இனி மெயின் விசயம். மதகு இருக்கிற இடம் யாருடைய பட்டியலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏ, பீ ரோடுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகிற ஏ7 அப்படி. சீ, டீ வகை மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ளவை உள்ளூராட்சி சபைக்கு. மிச்சம் தோட்டத்தினது. ஒரே ரோடு இரண்டு கிலோமீற்றருக்குள் மூன்று கை மாறலாம், போகிற நமக்குத் தெரியாது.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கிறார். கொடுக்கிறோமா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் சொல்ல வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: சபையின் வீதிப் பதிவேட்டில் எங்கள் ரோடு இருக்கிறதா, இருந்தால் எத்தனை மீற்றர்? முதல் பதில் சிங்களத்தில் வந்தது. தமிழில் தரும்படி திருப்பி எழுதினேன், வந்தது. (2018 தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. உங்களுடையது அப்படிப் பிரிந்த சபை என்றால் பழைய பதிவேடு தாய்ச் சபையின் அலுமாரியில் கிடக்கலாம், அங்கேயும் கேளுங்கள்.)

பதிவேட்டில் எங்கள் ரோட்டின் முதல் 600 மீற்றர் இருந்தது. சபையினதுதான்! லயத்துக்கே சொல்லிக்கொண்டு ஓடினேன். பிறகு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் (டீ.ஓ.) உருளையைத் தள்ளிக்கொண்டு அளக்க வந்தார். மதகு 640ஆவது மீற்றரில் நின்றது. நாற்பது மீற்றர். எங்கள் பாடசாலைக் கட்டடத்தின் நீளம் கூட அவ்வளவு வராது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா, பழைய தலைவர், மதகையும் டீ.ஓ.வையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரன் கொஞ்சம் கீழ கட்டியிருக்கலாம்" என்றார்.

அந்த நாற்பது மீற்றருக்குத் தோட்டத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரு வருடம் அது கிடைக்கவில்லை. துரை மறுக்கவில்லை, "கொழும்புக்கு அனுப்பியிருக்கு" என்பார், அவ்வளவுதான். அதைக் கொடுக்க வைத்தது எங்கள் மனுவல்ல, 2022 டீசல் பஞ்சம். மதகு உடைந்ததால் கொழுந்து லொறி மேல் டிவிசனிலிருந்து சுற்றுவழியில் ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போய்க்கொண்டிருந்தது, நடைக்கு ஐந்து கிலோமீற்றர் கூடுதல். டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது. பெரியப்பா ஒரு துண்டுத்தாளில், ஒரு நாளைக்கு எத்தனை நடை, எத்தனை லீற்றர் என்று கணக்கெழுதித் துரையின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். இரண்டு கிழமையில் கடிதம் கைக்கு வந்தது. பிள்ளைகள் நனைகிறார்கள் என்று ஒரு வருடம் எழுதிய என் கடிதங்களை நினைத்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அடுத்தது உறுப்பினர்கள். 2018 தேர்தலிலிருந்து கலப்பு முறை: 60 வீதம் வட்டாரத்தில் வென்றவர்கள், 40 வீதம் பட்டியலில் வந்தவர்கள். எங்கள் பக்கத்துக்கு வட்டார உறுப்பினர் ஒருவர், வேறு கட்சிப் பட்டியலில் வந்தவர் ஒருவர். இரண்டு பேருக்கும் மதகு வேண்டும், அதைவிடப் பெயர்ப்பலகை வேண்டும். ஒருவரிடம் மட்டும் போனால் மற்றவர் அமர்வில் குறுக்கே விழுவார் என்று ஒபிசில் ஒருவர் காதோடு சொன்னார். அதனால் ஒருவர் பிரேரிக்க, மற்றவர் ஆமோதிக்க வேண்டும் என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டோம். பலகையில் யார் பெயர் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அமர்வுக்கு நானும் போனேன். மாதம் ஒரு பொது அமர்வு நடக்கும், பொதுமக்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. எங்கள் விசயம் வந்து போனது இரண்டு நிமிடத்தில். அதற்கு முன் ஒரு மணித்தியாலம் வாகனத் தரிப்பிடக் குத்தகை பற்றிச் சண்டை. தவிசாளர் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியிருக்கத் தேவையில்லை. தீர்மானம் நிறைவேறினால் வேலை நடக்கும் என்று அன்றைக்கு நம்பினேன். தீர்மானத்துக்குக் காசில்லை, காசு வரவு செலவுத் திட்டத்தில்தான் இருக்கிறது. அது டிசம்பரில் நிறைவேறும். ஒக்டோபர், நவம்பருக்குள் உங்கள் வேலை செலவு மதிப்பீட்டோடு அந்தப் பட்டியலில் ஏறாவிட்டால், ஏகமனதான தீர்மானம் அறிக்கைப் புத்தகத்தில் ஏகமனதாகத் தூங்கும்.

மதிப்பீடும் ஒரு கூத்து. 2021இல் போட்டது அடுத்த வருடம் செல்லுபடியாகவில்லை. 2022இல் சீமெந்து மூட்டை 3000 ரூபாயைத் தாண்டிவிட்டது. டீ.ஓ.விடம் மறுபடி கெஞ்சி, புதிய விலைக்குப் போட்டு வாங்கினோம். அகலத்தைக் கொஞ்சம் குறைத்தார். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும், பரவாயில்லை என்றோம். 2023க்கான திட்டத்தில் எங்கள் மதகு ஒரு வரியாக ஏறியது.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. 2022 மார்ச்சில் முடிய வேண்டிய சபைகளின் காலம் ஒரு வருடம் நீட்டப்பட்டு, 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்தது. அதே மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று நடக்கவில்லை. உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்கள், செயலாளர்தான் சபை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் எங்கள் மதகு அந்த ஆளில்லாத சபையில்தான் கட்டப்பட்டது, 2023 செப்டெம்பரில். செயலாளர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார், தீர்மான இலக்கம் இருந்தது, காசு ஒதுக்கியிருந்தது, சம்மதக் கடிதம் கோவையில் இருந்தது, கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரினார். பலகைச் சண்டைக்கு ஆளில்லை.

"அப்ப உறுப்பினரே தேவையில்ல போலருக்கே டீச்சர்" என்று பலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுதி வைத்திருந்ததை அந்தச் செயலாளர் செய்தார். எழுதாத ஒன்றைக்கூட அவர் தொடவில்லை, அவருக்கு அதற்கு வழியும் இல்லை. அடுத்து நாங்கள் பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கிற இடம்) வளைவுக்கு ஒரு தெருவிளக்குக் கேட்டோம். தலைக்கு மேல் மின்சார சபைக் கம்பம் நிற்கிறது, ஒரு விளக்கு மாட்டினால் போதும். பிரேரிக்க ஆளில்லாமல் ஒன்றரை வருடத்துக்கு மேல் அந்தக் கடிதம் அப்படியே கிடந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து புதிய சபை வந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசவே ஒரு முகம் கிடைத்தது.

குப்பை பற்றியும் கேட்பீர்கள். சபை ட்ரக்டர் டவுணோடு நின்றுவிடுகிறது. லயத்துக் குப்பை இன்னும் ஓடைக்கரையில்தான் எரிகிறது. அதில் நாங்கள் ஒன்றும் சாதிக்கவில்லை.

வீடு கட்டும் அனுமதி வேறு கதை. மலைச்சரிவு என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கடிதம் இல்லாமல் சபை கோவையைத் திறக்காது. அதைக் குறை சொல்ல மாட்டேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்களோடு ஆட்கள் புதைந்ததைப் பார்த்த பிறகு, அந்தக் கடிதத்துக்காக அலைவது எனக்கு அலைச்சலாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலவரம்: மதகு உறுதியாக நிற்கிறது. அதற்கு மேலே ரோட்டோரக் கான் (வடிகால்) மண்ணடைத்துக் கிடக்கிறது, மழைத் தண்ணீர் மதகுக்குள் இறங்காமல் ரோட்டின் மேலே பாய்கிறது. சபை, கான் தோட்டத்தினது என்கிறது. தோட்டம், மதகு சபையினது என்பதால் அதற்கு வருகிற தண்ணீரும் சபையினது என்கிறது. போன ஞாயிறு லயத்து ஆட்கள் மண்வெட்டியோடு சிரமதானத்துக்கு இறங்கி அறுபது அடி வெட்டினோம். பெரியப்பாவுக்கு எழுபத்தி மூன்று வயது, சொன்னாலும் கேட்காமல் அவரும் வெட்டினார். மிச்சத்துக்கு மறுபடியும் கடிதம் எழுதியிருக்கிறேன், இந்த முறை மதகுத் தீர்மானத்தின் பிரதியையும் இணைத்து. தெருவிளக்கு வருகிற மாத அமர்வில் வருகிறது. நாலாம் மணி அடித்ததும் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டும், பார்வையாளர் பக்கத்தில் ஆறு கதிரைதான் இருக்கிறது.