நூறாண்டுக் கொதிகலனை நம்பி வீட்டைச் சூடாக்கலாமா?

கேள்வி: குளிர்காலம் நீளும் பகுதியில் வசிக்கிறோம். பழைய இயந்திரங்களைச் சேகரிக்கும் உறவினர் ஒருவர், ஆளுயரத்தில் நிற்கும் நீராவிக் கொதிகலன் ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார். ரிவெட் என்னும் இணைப்பாணி அடித்து இணைத்தது. நூறாண்டுக்கு மேல் பழையது. வெளியே துரு அதிகம் இல்லை. விறகு எரித்து, அதில் வரும் நீராவியைக் குழாய் வழியே அறைகளுக்குக் கொண்டுசென்றால் எரிபொருள் செலவு குறையும் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். உறவினரின் அன்பைக் குறை சொல்லவில்லை. கொடுத்த பொருள் வீட்டுக்குள் எரியவிடத் தக்கதல்ல.

வெளியே துரு தெரியவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தியே அல்ல. அக்காலத்தில் இரும்புத் தகட்டை உருளையாக வளைத்து, ஒரு விளிம்பின்மேல் மறு விளிம்பை ஏற்றி ரிவெட் அடித்தார்கள். அப்படி ஏற்றியதால் உருளை முழு வட்டமாக அமைவதில்லை. அழுத்தம் ஏறும்போது அது வட்டமாக முயல்கிறது, இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த அசைவு தொடர, தகடுகள் ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில், உள்ளிருந்து பார்த்தாலும் வெளியிலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குப் படாதபடி விரிசல் ஓடத் தொடங்குகிறது. இதனுடன், அடியில் தங்கும் சேறும் உப்புப் படிவும் எரியறைச் சுவரின் கீழ்ப்பகுதியை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். மேலே அடித்த கறுப்புச் சாயம் இவை எதையும் காட்டாது.

1905 மார்ச் 20 அன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள பிராக்டன் நகரில், குரோவர் காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அன்று வெடித்தது அன்றாடம் பயன்பட்ட புதிய கொதிகலன் அல்ல. அது பராமரிப்பில் இருந்ததால், மாற்றாக வைத்திருந்த பழையதை மூட்டியிருந்தார்கள். இணைப்பின் அடியில் மறைந்திருந்த விரிசல்தான் காரணம் என்று கண்டறியப்பட்டது. இதையடுத்து அம்மாநிலம் 1907இல் கொதிகலன் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 1914ஆம் ஆண்டுக் கொதிகலன் விதித்தொகுப்பும் இதே கவலையிலிருந்து பிறந்ததே. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்த விதிகளுக்கு முன்பு, அல்லது அவை பரவலாகும் முன்பு செய்யப்பட்டதாக இருக்கும்.

இத்தனை வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொதிகலனுக்குள் 200 கிலோ தண்ணீர் இருப்பதாகவும், அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காட்டுவதாகவும் கொள்வோம். அப்போது தண்ணீரின் வெப்பநிலை ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ். தகடு கிழிந்து அழுத்தம் சட்டென்று இறங்கினால், 100 டிகிரிக்கு மேலே தண்ணீர் தாங்கிநின்ற வெப்பம் முழுவதும் அதன் எட்டில் ஒரு பங்கை நொடிப்பொழுதில் ஆவியாக்கிவிடும். அந்த ஆவி மட்டும் 40 கன மீட்டருக்கு மேல் பரவும். ஒரு படுக்கையறையின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ அவ்வளவுதான்.

“நான் அவ்வளவு அழுத்தம் ஏற்றமாட்டேன்” என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான மறுமொழிதான், வீட்டைச் சூடாக்கச் சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டு அழுத்தமுள்ள நீராவியே பெரும்பாலும் போதும். ஆனால் விறகுத் தீயைக் குமிழியைத் திருகி அணைக்க முடியாது. தண்ணீர் குறைந்து எரியறைத் தகடு வெறுமையாகக் காய்ந்து சிவந்தபின், யாரோ பதறிப்போய்க் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால், அழுத்தம் குறைவு என்ற கணக்கு உதவாது. நள்ளிரவில் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வீட்டில் யார் விழித்திருப்பார்கள்?

எப்போதாவது வெட்டவெளியில், விழாக்காலத்தில், நீராவி இயந்திரம் ஒன்றை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு. அதற்கும் தகுதி பெற்ற ஆய்வாளர் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலியலை) கொண்டு தகட்டின் கனத்தை அளந்து, பாதுகாப்பான அழுத்தத்தைக் கணக்கிட்டு, நீரழுத்தச் சோதனை செய்து எழுத்தில் தரவேண்டும். இச்சோதனையைத் தண்ணீரால்தான் செய்யவேண்டும், காற்றால் ஒருபோதும் கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் ஏறக்குறைய சுருங்குவதில்லை என்பதால், தகடு கிழிந்தாலும் ஒழுகுவதோடு போகும்.

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் நிலவறையில் வார்ப்பிரும்புக் கொதிகலன் ஒன்று இன்னும் வேலை செய்கிறது. நிலக்கரிக்காகச் செய்து பிற்பாடு எரிவாயுவுக்கு மாற்றியது. சுடுநீர்தான், நீராவி இல்லை. மேலே வெள்ளைப் பூச்சு பூசியிருக்கிறது. கனத்த வார்ப்பு, இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் நிலை முந்தைய வாசகருடையதைவிடப் பாதுகாப்பானது; ஆகவே பதிலும் கொஞ்சம் நீளும்.

கனத்த வார்ப்பு நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மை, அதே தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும் வரை. எங்கோ ஒழுகி, அடிக்கடி புதுத் தண்ணீர் சேர்க்க நேர்ந்தால், ஒவ்வொரு முறையும் அதில் கரைந்த ஆக்சிஜன் உள்ளே போய் இரும்பை அரிக்கும். ஆனால் தாங்குவது வேறு, சிக்கனமாக எரிவது வேறு. பழைய கொதிகலன்களில் எரிபொருளின் வெப்பத்தில் 56 முதல் 70 சதவீதம் வரைதான் வீட்டுக்குக் கிடைக்கும். மீதி புகைபோக்கி வழியே போய்விடும். புகையிலுள்ள நீராவியையும் குளிரச்செய்து அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இக்காலக் கொதிகலன்களில் இந்த அளவு 90ஐத் தாண்டுகிறது. 60இலிருந்து 90க்குப் போனால் அதே சூட்டுக்கு எரிபொருள் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அந்த வெள்ளைப் பூச்சைத் தொடாதீர்கள். அக்காலத்தில் கொதிகலனுக்கும் குழாய்களுக்கும் போர்த்தியது பெரும்பாலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). உடையாமல் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை இல்லை, சுரண்டினாலோ துடைப்பத்தால் பெருக்கினாலோ நுண்ணிய இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும். மாதிரியைச் சோதிக்கவும் அகற்றவும் அதற்கென உரிமம் பெற்றவர்களை அழையுங்கள். கொதிகலனைக் கழற்ற வருபவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் சுத்தியல் அடியிலேயே வீடு முழுவதும் தூசியாகும்.

இந்தக் குளிர்காலத்தை மட்டும் ஓட்டிவிடலாம் என்றால், புகைபோக்கியின் உள்பூச்சு உதிர்ந்து அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படுக்கையறைகள் உள்ள தளத்திலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பரண்மேல் திறந்த விரிவுத்தொட்டி இருந்தால் அதன் குழாய் உறைந்துவிடாமல் பாருங்கள். அது அடைபட்டால், விரியும் நீருக்குப் போக்கிடம் இருக்காது.

ஆனால் சுடுநீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். புதிய கொதிகலன் முழுத் திறனுடன் இயங்க, திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கவேண்டும். மிதமான சூட்டு நீரில் அறையை வெதுவெதுப்பாக வைக்கப் பெரிய பரப்பு தேவை, அது உங்கள் பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களில் தாராளமாக இருக்கிறது. இணைக்கும் முன் குழாய்களிலுள்ள கறுப்புச் சேற்றை அலசி வெளியேற்றுங்கள். புதியதின் குறுகலான வழிகள் அதில் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய கொதிகலனை அழகுக்காக மட்டும் கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. தரை அந்த எடையைத் தாங்குமா என்பதையும், கல்நார் அகற்றப்பட்டதா என்பதையும் உறுதிசெய்யுங்கள். தண்ணீரை முழுவதும் வடித்து, குழாய்களைத் துண்டித்து, கைத்துளை (உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்யும் துளை) மூடிகளைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். வீட்டை அடுத்து வாங்குபவர் ஆர்வக்கோளாறில் தீ மூட்டினாலும், திறந்த துளையுள்ள கலனில் அழுத்தம் ஏறாது.