மூளையைப் படிக்க டாக்டர்தான் ஆகணுமா?

போன வாரம் கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்புக்கு யோசனை கேட்டு வந்தது. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. சொந்தமாகவும் நாற்பது சென்ட் ரப்பர் இருக்கிறது. மகள் நீட் இரண்டு தடவை எழுதியும் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. துபாயிலிருக்கும் தாய்மாமா, "நிலத்தை வித்து வெளிநாட்டுல எம்பிபிஎஸ் சேருங்கோ, பிள்ளைக்கு மூளையப் பத்திப் படிக்கத்தானே ஆசை" என்று தினமும் வாட்ஸ்அப் அனுப்புகிறாராம். அம்மா அழுதார். தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் உதவாது.

நிலத்தை விற்காதீர்கள் என்றேன். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே எஃப்எம்ஜிஇ என்ற தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிவு. அதற்கும் ஒரு கோச்சிங், அதற்கும் பணம். "மாமா செலவு செய்வாரா?" என்று கேட்டேன். "கடனாத் தருவாரு" என்றார் அப்பா. கடன் கொடுப்பவர் யோசனை சொல்லலாம், முடிவு சொல்லக்கூடாது.

அப்புறம் பிள்ளையிடம் பேசினேன். "ஆஸ்பத்திரி மணமே எனக்கு ஆகாது சார்" என்றாள். வீட்டில் ரப்பர் பால் ஷீட்டாக உறைய ஆசிட் அளந்து ஊற்றுவது அவள் வேலை. எத்தனை லிட்டர் பால், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ஆசிட், ஷீட் எப்படி வந்தது என்று தேதி போட்டு எழுதிய நோட்டைப் போனில் காட்டினாள். இரண்டு வருடம், ஒரு நாள்கூட விடாமல்! நீட் மதிப்பெண்ணைவிட எனக்கு அந்த நோட்டு பெரிதாகத் தெரிந்தது.

நர்சிங், பொறியியல் பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது. நான் சொன்னது புரத ஆய்வகம்.

மூளைச் செல்களின் சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள் வந்து ஒட்டினால் செல்லுக்குள் சேதி போகும். இதை ஆராய யாருடைய மூளையை வெட்டுவது? அதனால் ஏற்பிக்கான மனித மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டிஎன்ஏவில் ஒட்டி, வேறு செல்லுக்குள் விட்டுத் தயாரிக்க வைக்கிறார்கள். 1973ல் நெதர்லாந்தில் உருவான எச்இகே 293 என்ற மனிதக் கருவின் சிறுநீரகச் செல்கள் அதற்குப் பேர்போனவை. எஸ்எஃப்9 என்ற பூச்சிச் செல்லும் உண்டு. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு இருக்கிறதே, அந்த இனத்தின் சினைப்பையிலிருந்து வந்தது அது.

புரதத்தின் ஓரத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு கொண்ட ஒரு வால் சேர்த்திருப்பார்கள். செல்லை உடைத்த கலவையை நிக்கல் நிரப்பிய குழாயில் ஊற்றினால் வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும், மற்றதெல்லாம் பெரும்பாலும் வழிந்துவிடும். இமிடசோல் என்ற வேதிப்பொருளை ஊற்றினால் பிடி விடும். கடைசியில் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டிச் சாயம் போட்டால், சரியான இடத்தில் ஒரு நீலக் கோடு. சவ்வுப் புரதம் என்பதால் தண்ணீரில் நிற்காமல் கட்டிதட்டும். கரைக்க டிடர்ஜென்ட் சேர்ப்பார்கள். அது குறைந்தால் கரையாது, கூடினால் உருக்குலையும். ஆசிட் கூடினால் ஷீட் கெடும் என்று தெரிந்தவளுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேறிய புரதத்தைச் சின்னக் குப்பிகளில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள், உருக்கி உருக்கி உறைய வைத்தால் கெட்டுவிடும் என்பதால். விற்பனைக்கு வரும்போது மைக்ரோகிராம் கணக்கில்தான் விலை.

"இதனால நோயாளிக்கு என்ன சார்?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. திடீரென்று பிதற்றி, வலிப்பு வந்து, பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும் இளம்பெண்களில் சிலருக்கு இருப்பது மூளை அழற்சி. உடலின் எதிர்ப்புப் புரதமே, குளூட்டமேட் ஒட்டும் என்எம்டிஏ ஏற்பியைத் தாக்குகிறது என்று 2007ல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழு கண்டது. இன்று அதைக் கண்டறியும் சோதனையில், அந்த மனித ஏற்பியைத் தாங்கிய எச்இகே செல்கள்தான் பயன்படுகின்றன.

வழி இதுதான். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பிஎஸ்சி, வேதியியலோ விலங்கியலோ. டொனேஷன் கேட்கும் பயோடெக் வேண்டவே வேண்டாம். பிஎஸ்சியோடு நின்றால் இந்தத் துறையில் பெரிதாக வேலை கிடைக்காது, அதையும் மறைக்க மாட்டேன். மூன்றாம் வருடமே எம்எஸ்சி சேர்க்கைக்கான கேட்-பி (GAT-B), ஜாம் (JAM) தேர்வுகளுக்குத் தயாராக வேண்டும். எம்எஸ்சிக்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், பிஎச்டி படிக்கும்போதே மாதம் 37,000 ரூபாய். குழித்துறையில் ரயிலேறினால் திருவனந்தபுரம். ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம் அங்கேதான். கல்லூரி பார்க்கப் போகும்போது விழா நாளில் போகாதீர்கள். சாதாரண நாளில் ஆய்வகத்துக்குப் போய், சின்னத் துளிகளை அளக்கும் மைக்ரோபிப்பெட் மாணவர் கையில் இருக்கிறதா, கண்ணாடி அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

"மூணாவது நீட்?" என்று அம்மா மெல்லக் கேட்டார். அவளிடமே கேளுங்கள் என்றேன். பிள்ளை வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அப்பா அதுவரை பேசவில்லை. எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு மகளிடம் சொன்னார்: "அப்போ இந்த வருஷமும் மழைக்கு முன்ன மரத்துக்குப் பிளாஸ்டிக் கெட்டணும், மக்ளே."