தூளி கட்ட இடமில்லாத கப்பல்

கேள்வி: அக்கா, எனக்கு ரெண்டரை வயசில் ஒரு பையன், நாலு மாசத்தில் ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் போய்வந்து போட்டோ போட்டதிலிருந்து, டிசம்பர் லீவில் சிங்கப்பூர் போய் அங்கிருந்து மூணு ராத்திரி சொகுசுக் கப்பலில் போயே ஆகணும் என்று நிற்கிறார். மாமியாரோ, "பச்சக் குழந்தையத் தூக்கிக்கிட்டு யாராவது தண்ணி மேல போவாங்களா?" என்கிறார். நடுவில் நான் முழிக்கிறேன். போகலாமா?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போகலாம் தங்கச்சி. ஆனால் இந்த டிசம்பரில் வேண்டாம், சிங்கப்பூருக்கும் வேண்டாம்.

முதலில் வயசு. பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் 6 மாதம் முடியாத குழந்தையை ஏற்றுவதில்லை. டிக்கெட் போடும் தேதியை வைத்து இதைக் கணக்குப் பண்ணமாட்டார்கள், கப்பல் ஏறும் தேதிதான் கணக்கு. நடுவில் கரையே தொடாமல் பல நாள் ஓடும் நீண்ட பயணம் என்றால் 12 மாதம் கேட்பார்கள். டிசம்பரில் உங்கள் பெண்ணுக்கு ஆறு மாதம் முடிந்ததோ இல்லையோ என்று இருக்கும், நாலு நாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 9-வது மாதத் தட்டம்மை ஊசியும் அதற்குள் போட்டிருக்க முடியாது. சிங்கப்பூர் என்றால் கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், அப்புறம் நாலு மணி நேர விமானம். கப்பலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் பாதியாகிவிடுவீர்கள்.

உங்கள் கடிதம் முழுக்கக் கைக்குழந்தையைப் பற்றித்தான் கவலை. அவள் ஒரு பிரச்சினையே இல்லை, பால் குடிப்பாள், தூங்குவாள். ரெண்டு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்குக் கடல் குமட்டலும் அபூர்வம். அது அதிகம் படுத்துவது ரெண்டிலிருந்து பன்னிரண்டு வயசு வரைக்கும். உங்களை ஓடவிடப் போவது பெரியவன்தான். சிறுவர் விளையாட்டு அறை என்று விளம்பரத்தில் வண்ணமாகப் போட்டிருப்பார்களே, பெரும்பாலும் 3 வயசு முடிந்து, டயப்பர் விட்டு, பாத்ரூம் போகணும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அங்கே இடம். டயப்பர் போட்ட பிள்ளையை நீச்சல் குளத்திலும் விடமாட்டார்கள், தண்ணீரில் போடுகிற டயப்பர் என்று நீங்கள் வாதாடினாலும் சரி. ஆக, ரெண்டரை வயசுக்காரனுக்குக் கப்பலில் மிச்சம் இருப்பது படிக்கட்டும் லிஃப்ட் பட்டனும்தான்.

போன வருஷம் தம்பி குடும்பத்தோடு நானும் இப்படிப் போய் மாட்டினேன். அவனுக்கும் ரெண்டு பிள்ளைகள், சின்னதுக்கு பத்து மாசம். குழந்தைக் கட்டில் சொல்லியாச்சு என்றார் ஏஜென்ட், ஏறிப் பார்த்தால் கட்டில் இல்லை, இருந்ததெல்லாம் வேறு அறைகளுக்குப் போய்விட்டதாம். சரி, தூளி கட்டிவிடலாம் என்று அம்மாவின் பழைய நூல் சேலையை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க வழவழவென்று தகடு. கொக்கியும் இல்லை, உத்தரமும் இல்லை, ஒரு ஆணிகூட இல்லை. பிறந்ததிலிருந்து தூளியிலேயே தூங்கிப் பழகின குழந்தை அது. ராத்திரி ரெண்டு மணிக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நீள நடைவழியில் முன்னும் பின்னும் நடந்தேன், பெரியவன் பின்னாலேயே வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினான். அதனால் இப்போதே வீட்டில் வாரத்துக்கு ரெண்டு நாள் தரையில் பாய் போட்டுத் தூங்கப் பழக்குங்கள். கட்டில் உறுதி என்பதை ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நான் சொல்வது அடுத்த ஜூன். பெரியவனுக்கு மூணு முடிந்திருக்கும், சின்னவளுக்கு ஒரு வயசு ஆகியிருக்கும், இட்லியைப் பிசைந்து கொடுத்தால் சாப்பிடுவாள். 2022 ஜூனில் நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்தே கோர்டேலியா சொகுசுக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே ஏறி, கடலில் ஒரு சுற்று சுற்றி, இங்கேயே இறங்குகிற ரெண்டு ராத்திரிப் பயணமும் அதில் இருந்தது. அடுத்த வருஷத்துத் தேதிகளைப் பார்த்து, அதுமாதிரி சின்னப் பயணம் ஒன்றைப் பிடியுங்கள். வெளிநாடு தொடாத பயணத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை, ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் போதும். (பாப்பா சான்றிதழில் பேர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பேர் வைப்பதற்கு முன்னால் பதிந்துவிட்டு அப்படியே விட்ட வீடுகள் நிறைய. ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் சேர்த்துவிடலாம்.) தண்டையார்பேட்டைக்காரருக்குத் துறைமுகம் கூப்பிடு தூரம். கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டாமல் இருந்தால் சரி. ஆடி பிறப்பதற்கு முன் போய்வந்துவிடுங்கள், அம்மியைத் தூக்குகிற காற்றில் உங்கள் பையனை வேறு பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எதிர்ப்பும் தீரும், கைக்கு ஆளும் ஆச்சு. ஒரே ஒரு சிக்கல், கைக்குழந்தைதானே என்று கணக்கில் விட முடியாது, உயிர்காப்புப் படகில் இடம் தலைக்கு ஒன்று, அதனால் அறையிலும் அவள் முழு ஆள். நாலு பேர் அறையில் உங்கள் ஐந்து பேரையும் விடமாட்டார்கள். நடுவில் கதவு வைத்த ரெண்டு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. பால்கனி வேண்டவே வேண்டாம். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறத் தெரிந்த வயசு அவனுக்கு. ஜன்னலே இல்லாத உள்ளறை பகலிலும் கும்மிருட்டாக இருக்கும், மத்தியானத் தூக்கத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஏறினதும் முதல் வேலை, அறைப் பையனைக் கூப்பிட்டு லைஃப் ஜாக்கெட் கேட்பது. 15 கிலோவுக்குக் கீழே எல்லாம் கைக்குழந்தை அளவு, உங்கள் பெரியவனும் அதில்தான் வருவான், ஆக ரெண்டு கேளுங்கள். அவசரகால ஒத்திகைக்கு எல்லாரையும் கூப்பிடுவார்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்கிற சொகுசுக் கப்பல் கவிழ்ந்தபோது ஏறியவர்களில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை, அதற்கப்புறம்தான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பின உடனேயோ நடத்தணும் என்று விதி வந்தது. அது சரியாகப் பிள்ளை கண்ணயர்கிற நேரத்துக்குத்தான் வரும். பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போங்கள்.

கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சத்துமாவுக் கஞ்சி காய்ச்ச வழியில்லை, வெந்நீரில் கரைத்தால் போதும் என்கிற மாதிரி உணவாகப் பார்த்து எடுங்கள், கூடவே நல்ல ஃபிளாஸ்க் ஒன்று. பாத்ரூமில் காலை நீட்டிப் பாப்பாவைக் குளிப்பாட்டலாம் என்று மாமியார் நினைத்தால், நீட்டுகிற கால் கதவுக்கு வெளியே இருக்கும். ரெண்டு நாளைக்குத் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கப்பலில் பரவுகிற வயிற்றுப்போக்குக் கிருமிக்கு சானிடைசர் சரிவர வேலை செய்யாது. குமட்டலுக்குப் பெரியவர்கள் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், குழந்தை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கப்பலிலும் டாக்டர் உண்டு, ஆனால் அவர் பொது டாக்டர், பில்லும் தனி.

கேள்வி: எனக்கு அஞ்சாவது மாசம். தங்கச்சி குடும்பத்தோடு அடுத்த மாசம் கப்பலுக்குக் கூப்பிடுகிறாள், போகலாமா?
— ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: பயணம் முடிகிற நாளில் 24 வாரம் எட்டிவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றமாட்டார்கள். அடுத்த மாசம் உங்களுக்கு அந்த எல்லைதான். டாக்டர் சான்றிதழ் இருந்தாலும் கேட்கமாட்டார்கள். தங்கச்சியை அனுப்பிவிட்டு நீங்கள் வளைகாப்பு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: சொகுசுக் கப்பல் காசுக்குப் பதில், அந்தமான் போகிற அரசுக் கப்பலில் ரெண்டு சின்னப் பிள்ளைகளோடு போகலாமா?
— ஒரு வாசகர், காசிமேடு

பதில்: போகலாம், ஆனால் அது ஊருக்குப் போகிறவர்களுக்கான கப்பல், உல்லாசக் கப்பல் இல்லை. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சேர மூணு நாள் பக்கம் ஆகும். பங்க் வகுப்பில் ஒரே கூடத்தில் அடுக்கு அடுக்காகப் படுக்கை, பிள்ளை அழுதால் கூடமே விழித்துக்கொள்ளும். கதவு உள்ள கேபின் கிடைத்தால் மட்டும் போங்கள். அப்படியே போனாலும், திரும்பும்போது விமானம்.