ஓய்வு நாளைக் கெடுக்க வேண்டாம்

கேள்வி: ஜேர்மனியில் படிக்கும் என் மகன், பல்கலைக்கழகக் குகைச் சங்கத்தோடு ஓகஸ்ட் மாதம் ஒஸ்திரியாவுக்குப் போகிறான். அல்டவுஸே என்ற ஊருக்கு மேலே, அல்ப்ஸ் மலையில் முகாமாம். குகைக்குள் போவது பாதி நாள்தான், மற்ற நாளெல்லாம் கீழே வந்து ஏரிக்கரையில் 'ரெஸ்ட்' என்கிறான். இவ்வளவு காசு செலவழித்துப் போய்ச் சும்மா இருப்பதா? அந்த நாட்களில் வியன்னாவையாவது பார்த்துவிட்டு வரச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் அம்மா. வியன்னா எங்கேயும் போய்விடாது. ரயிலில் போய் வரவே அந்த நாள் முடிந்துவிடும். மறுநாள் அவன் நித்திரைக் கலக்கத்தோடு கயிற்றில் தொங்குவான்.

நான் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் வேலை செய்த காலத்தில், கோடை விடுமுறை முழுவதும் அதே டோட்டஸ் கெபிர்கே மலைத்தொடரில்தான் கழியும். அந்த இடத்தைக் கொஞ்சம் சொன்னால் உங்களுக்கு விளங்கும். அல்டவுஸேயிலிருந்து லோசர் மலைக்கு ஒரு சுங்கவீதி ஏறுகிறது. ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் அது முடிந்துவிடும். அதற்கப்பால் சாமானெல்லாம் முதுகில்தான். பாதை முழுவதும் சுண்ணாம்புப் பாறை, மழைநீர் அரித்து அரித்துப் பனங்கருக்குப் போல நிற்கும். ஓடையோ குளமோ காண்பது அரிது. பெய்கிற மழை வெடிப்புகளால் நேரே உள்ளே இறங்கிவிடும். குடிக்கிற தண்ணீருக்குக்கூடத் தார்ப்பாய் கட்டி மழையைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பனியை உருக்க வேண்டும். அப்படி உள்ளே இறங்கிய தண்ணீர் குடைந்து வைத்த வழிகள்தான் இந்தக் குகைகள். அந்த மலைத்தொடரில் 100 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான குகைத்தொகுதிகள் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1976 முதல் அங்கே வந்து அளந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் முடியவில்லை.

உள்ளே வெப்பநிலை இரண்டு மூன்று பாகைதான், கோடையிலும் அப்படியே. பத்துப் பதினைந்து மணித்தியாலம் அதற்குள் நனைந்த உடுப்போடு கயிற்றில் இறங்கி, தவழ்ந்து, அளந்து, பிறகு அவ்வளவு கயிற்றிலும் திரும்ப ஏற வேண்டும். வெளியே வரும்போது கைவிரல் தோல் ஊறி வெளுத்து, பாறை கீறிய சின்னச் சின்ன வெட்டுகளோடு இருக்கும். ஈரத்துக்குள் திரும்பத் திரும்ப வைத்தால் அந்த வெட்டு ஆறாது. வெயிலில் ஒரு நாள் காய்ந்தால் ஆறிவிடும். பசியும் முதல் நாள் தெரியாது, அடுத்த நாள்தான் வயிறு கேட்கும். இதெல்லாம் உடம்பின் கணக்கு.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உள்ளே போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று முகாமில் எழுதி வைத்துவிட்டுத்தான் போவார்கள். அந்த நேரம் தாண்டினால் முதலில் தேடி இறங்குவது முகாமில் இருப்பவர்கள். 2014 ஜூனில், ஜேர்மனியின் பேர்க்டெஸ்காடன் அருகே ரீசென்டிங் குகையில் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஆழத்தில் ஒருவரின் தலையில் கல் விழுந்தது. கூட வந்தவர்களில் ஒருவர் மணிக்கணக்காக ஏறி மேலே வந்துதான் செய்தி சொல்ல முடிந்தது. பல நாடுகளிலிருந்து 700க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து அவரை வெளியே கொண்டுவர 11 நாள் பிடித்தது. ஆழத்தில் ஒன்று நடந்தால் உதவி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. ஆகவே எல்லோரும் ஒரே நாளில் உள்ளே போவதுமில்லை, எல்லோரும் ஒரே நாளில் களைப்பதுமில்லை. உங்கள் மகன் ஏரிக்கரையில் நன்றாகத் தின்று, நன்றாக உறங்கிக் கிடக்கும் அந்த நாளில், மலைக்குள் இருக்கும் அவன் கூட்டாளிகளுக்கு அவன்தான் காவல். நித்திரை கொண்டவன் கையில்தான் நான் என் உயிரைக் கொடுப்பேன்.

அவன் சும்மாவும் இருக்கமாட்டான். காலையில் கயிறு கழுவ வேண்டும். சேறு கயிற்றின் நாருக்குள் போனால் அரைத்துத் தின்னும், இறங்கும் கருவியையும் தேய்க்கும். கழுவிய கயிற்றை முழு நீளத்துக்கும் விரலுக்கிடையில் ஓடவிட்டு, எங்கேயாவது தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இந்த வேலையை அவசரமில்லாமல் செய்ய ஓய்வு நாள் ஒன்றுதான் உண்டு. பிறகு விளக்கு பற்றரிகளுக்கு மின்னேற்றம், கிழிந்த மேலங்கிக்குத் தையல், முந்திய நாள் எடுத்த அளவுகளைக் கணினியில் ஏற்றி வரைபடம் கீறுதல். புதிய பாதை ஒன்று பழைய படத்தின் கோட்டோடு போய் முட்டுவதைத் திரையில் பார்க்கும் சந்தோஷம் குகைக்குள் கிடைப்பதைவிடக் குறைந்ததல்ல.

மத்தியானத்துக்குப் பிறகு ஏரி. அல்டவுஸே ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம். மேடு பள்ளம் அதிகமில்லை, முழங்காலுக்கு நல்லது. ஒரு பக்கம் லோசர், மறுபக்கம் டிரிசல்வாண்ட் என்ற செங்குத்துப் பாறை. தண்ணீர் குளிர்தான், ஆனாலும் இறங்கச் சொல்லுங்கள். இருட்டில் கிடந்த கண்ணுக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். ஒஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. ஓகஸ்ட் 15, மாதா விண்ணேற்பு நாளிலும் பூட்டு. பாணும் பாஸ்தாவும் முதல் நாளே வாங்கி வைக்க வேண்டும். மற்றது உங்களுக்கு: தினமும் போன் எடுக்கச் சொல்லாதீர்கள். குகைக்குள் சமிக்ஞை இல்லை, மேலே முகாமிலும் நம்ப முடியாது. கீழே வரும் ஓய்வு நாளில் கட்டாயம் எடு என்று பேசி வையுங்கள். இடையில் மௌனமாக இருந்தால் அது வழமை என்று உங்கள் மனமும் பழகிவிடும்.

கேள்வி: நானும் அப்படியொரு குழுவில் முதல் முறை போகிறேன். ஒரே ஒரு ஓய்வு நாள் ஊர் பார்க்க விடுவார்களாம். ஹால்ஸ்டாட், டாக்ஸ்டைன் பனிக்குகை, அல்டவுஸே உப்புச் சுரங்கம், எது?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பனிக்குகை அருமையானது, ஆனால் தம்பி, கிழமை முழுக்கக் குகைக்குள் கிடந்துவிட்டு ஓய்வு நாளிலும் குளிருக்குள் போவானேன்? பயணம் முடிந்த பிறகு பாருங்கள்.

வெயில் என்றால் ஹால்ஸ்டாட். அல்டவுஸேக்குப் பக்கத்து ஊரான பாட் அவுஸே நிலையத்தில் ரயில் ஏறி ஹால்ஸ்டாட்டில் இறங்கினால் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம், படகில்தான் கடக்க வேண்டும். 1997 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிரதேசம், கூட்டம் நெரியும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். மலைக்கும் ஏரிக்கும் நடுவில் இடுகாட்டுக்கு நிலம் போதாத ஊர் அது. பழைய எலும்புகளை எடுத்துக் கழுவி, மண்டையோட்டில் பெயரெழுதிப் பூவும் இலையும் தீட்டி, தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் அடுக்கியிருக்கிறார்கள். அப்படித் தீட்டியவை 600க்கும் மேல். பயமாக இருக்காது. எனக்கு அங்கே நின்றபோது மனம் இளகியது.

மழை என்றால் உப்புச் சுரங்கம். இரண்டாம் உலகப்போரில் நாஜிகள் ஐரோப்பா எங்கும் பறித்த ஓவியங்களையும் சிலைகளையும் அங்கேதான் ஒளித்து வைத்தார்கள். வான் ஐக் சகோதரர்களின் கென்ட் பலிபீட ஓவியம், மைக்கலாஞ்சலோவின் மடோனா சிலை எல்லாம் அங்கே இருந்தன. 1945 ஏப்ரலில், மாவட்டத் தலைவனாயிருந்த நாஜி அதிகாரி, தோற்றாலும் எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று எட்டுப் பெட்டிகளை உள்ளே அனுப்பினான். வெளியே 'பளிங்கு' என்று எழுதியிருந்தது, உள்ளே ஒவ்வொன்றிலும் 500 கிலோ குண்டு. சுரங்கத் தொழிலாளர்கள் மே முதல் வாரத்தில் அந்தக் குண்டுகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, யாரும் திரும்ப உள்ளே போக முடியாதபடி வாசல்களைத் தாங்களே வெடிவைத்து மூடினார்கள். உப்பு அவர்கள் சீவியம் என்பதும் ஒரு காரணம், அதனால் அந்தச் செயல் சிறிதாகிவிடாது. சுரங்கத்தில் எட்டுப் பாகை அளவு குளிர், சுவெட்டர் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் மரக்கறி மட்டும்தான். அந்த மலையூர்களில் என்ன சாப்பிடலாம்?
— மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: முட்டை, பால் சேருமென்றால் கஷ்டமில்லை தங்கச்சி. கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் சேர்த்த மாப்பண்டம், கைசர்ஷ்மாரன் என்ற பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம் இரண்டும் வயிறு நிறைக்கும். காஸ்பிரெஸ்க்னோடல் என்ற சீஸ் உருண்டையைச் சூப்பில் போட்டுத் தருவார்கள். அந்தச் சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி வடித்த நீர், கேட்டுவிட்டு வாங்குங்கள். முகாமுக்குப் பருப்பும் மிளகாய்த்தூளும் கொண்டுபோங்கள், குழுவே உங்களைச் சுற்றி உட்காரும்.

கேள்வி: மழை பெய்து குகைக்குள் போக முடியாமல் முகாமில் அடைபட்டால், அதை ஓய்வு நாளாகக் கணக்கெடுக்கலாமா?
— வாசகர், தெஹிவளை

பதில்: கூடாது. மழை பெய்தால் கிணறு போன்ற இறக்கங்களில் தண்ணீர் பாயும், போகாமலிருப்பது சரி. ஆனால் நனைந்த உறக்கப்பைக்குள் கிடந்து கடதாசி விளையாடிய நாளில் உடம்பு ஆறுவதில்லை, குளிரோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டு நாள் மழையென்று வானிலை அறிவிப்புச் சொன்னால், இடி முழங்காத நேரம் பார்த்து எல்லோரும் கீழே இறங்கி, காய்ந்த இடத்தில் படுத்து எழும்புங்கள்.

கேள்வி: இலங்கையில் இப்படியான குகைகள் உண்டா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: அவ்வளவு ஆழமாக இல்லை. நம் நாட்டின் பெரும்பகுதி தண்ணீரில் கரையாத கடும்பாறை. சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டு, ஆனால் அங்கே மலை இல்லை. புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணறு அப்படிக் கல் கரைந்து உண்டான பள்ளம்தான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். கொழும்பிலிருந்து ஒரு நாளில் போய்வர வேண்டுமென்றால் களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல போங்கள். ஆதிமனிதர் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த பெரும் பாறைக்குகை அது. படியேற்றம் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தல் மறக்க வேண்டாம்.