அம்புலன்ஸ்காரனைக் கேளுங்கோ: யாழ்ப்பாணத்துக் கேள்வி பதில்

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணத்தில, 1990 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சா வாற அம்புலன்ஸில ஈஎம்டி, அதாவது ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் ஆளைப் பாக்கிற அவசர உதவியாளர். ராத்திரி டியூட்டி முடிஞ்சு இண்டைக்கு லீவு, நித்திரையும் வரேல்லை, அதால கேக்கிறதைக் கேளுங்கோ. டொக்டர் இல்லை நான், குளிசை எழுதித் தரச் சொல்லிக் கேக்காதேங்கோ. சம்பளம் எவ்வளவு எண்டும் கேக்காதேங்கோ.

சுதுமலைப் பெடியன்: அண்ணை, அம்புலன்ஸ் ஓட்டுறவரைப் பைலட் எண்டு சொல்லுறியள், பகிடிக்கோ?

பகிடி இல்லை தம்பி, வேலைப் பெயரே அதுதான். ஒரு வண்டியில ரெண்டு பேர், ஓட்டுறவர் பைலட், பின்னால ஆளோட இருக்கிறவர் ஈஎம்டி. ஸ்ட்ரெச்சர் தூக்கேக்க ரெண்டு பேரும் கூலியாக்கள்தான்.

மிருசுவில் ரீச்சர்: இந்தச் சேவை எங்களுக்கு எப்ப வந்தது? காசு கட்டோணுமோ?

ஒரு சதமும் இல்லை ரீச்சர். 2016ல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் துவங்கினது, இந்தியா குடுத்த நன்கொடையில. பேந்து 2018 ஆடி 21ம் திகதி யாழ்ப்பாணத்தில வைச்சுத்தான் மற்ற மாகாணங்களுக்கு விரிக்கிற வேலையைத் துவக்கினவை. அதே வருசம் இந்தச் சேவையை நடத்துற சுவசெரிய மன்றத்துக்கு எண்டு தனிச் சட்டமும் வந்தது. அதுக்கு முதல் எங்கட ஆக்களுக்கு அம்புலன்ஸ் எண்டால் ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஏத்துற வாகனம். வீட்டு வாசலுக்கு வரும் எண்டதை நம்பவே கொஞ்சக் காலம் எடுத்தது. இப்பவும் சில அம்மாமார் இறக்கேக்க கையில 500 ரூபா திணிக்கப் பாப்பினம். வேண்டாம், வாங்க மாட்டம்.

இணுவிலான்: போன் அடிச்சா எவ்வளவு நேரத்தில வருவியள்?

இதைத்தான் எல்லாரும் கேப்பியள் எண்டு தெரியும், அதால இதுக்கு வடிவாச் சொல்லுறன், பேந்து திருப்பிக் கேக்கப்படாது.

நாங்கள் ரோட்டில நேரத்தை விடுறது குறைவு. துலையிறது உங்கட ஒழுங்கை முகப்பிலதான். ஒருக்கா ஒரு அழைப்பு, வயசான ஐயா மூச்சு எடுக்கக் கஷ்டப்படுறாராம். விலாசம் கேட்டா "வைரவர் கோயிலடி ஒழுங்கை, பச்சைப் படலை". யாழ்ப்பாணத்தில எந்த ஒழுங்கையில வைரவர் இல்லை சொல்லுங்கோ பாப்பம். ராத்திரி ரெண்டு மணி, லைற் இல்லை, நாலு நாய் ரயரைக் கடிக்க வருது, நாங்கள் பச்சைப் படலையைத் தேடிக்கொண்டு மூண்டு தரம் அதே வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறம். ஏனெண்டால் பொங்கலுக்குப் படலைக்கு நீலம் அடிச்சிட்டினம், போன் அடிச்சவருக்கு அது ஞாபகம் இல்லை. வீட்டுக்காரர் எல்லாரும் உள்ளுக்க ஐயாவைச் சுத்தி நிண்டு விசிறிக்கொண்டு நிக்கினம், வெளியில ஒரு குருவி இல்லை.

போன் எடுக்கிற பிள்ளை கொழும்புப் பக்கம் இருக்குது. தமிழிலயே கதைக்கலாம், பயப்பிடாதேங்கோ. ஆனா அந்தப் பிள்ளைக்கு உங்கட ஆலமரத்தடியும் தெரியாது, பழைய சங்கக் கடையும் தெரியாது. ரோட்டின்ர பெயர், கிட்ட இருக்கிற பெரிய சந்தி, பள்ளிக்கூடம், இதுகளைச் சொல்லுங்கோ. ஆள் மூச்சு எடுக்குதோ, கதைக்குதோ எண்டு கேட்டா "கெதியா வாங்கோ கெதியா வாங்கோ" எண்டு கத்தாமல் பதில் சொல்லுங்கோ, நீங்கள் பதில் சொல்லுற நேரம் வண்டி வெளிக்கிடாமல் நிக்குது எண்டு நினைக்காதேங்கோ. போனைக் கட் பண்ணிப்போட்டு கனடாவில இருக்கிற மகனுக்கு எடுக்காதேங்கோ, நாங்கள் திருப்பி எடுத்தா லைன் பிஸி. ஒரு ஆள் ரோச்சோட ஒழுங்கை முகப்பில நிக்கோணும். நாயைக் கட்டோணும்.

ஸ்காபரோ அக்கா: அம்மா கொக்குவில்ல தனிய இருக்கிறா, 78 வயசு, சலரோகமும் இருக்கு. இங்க இருந்து நான் என்ன செய்யலாம்?

அக்கா, மேல நான் எழுதினதுக்குக் கோவிக்காதேங்கோ, அது உங்களுக்கு இல்லை. அங்க இருந்து நேர 1990 எடுக்கப் பாத்து மினக்கெட வேண்டாம், பக்கத்து வீட்டு நம்பர் ரெண்டு எப்பவும் வைச்சிருங்கோ, ஒண்டு காணாது. அம்மா குடிக்கிற குளிசை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, கிளினிக் கொப்பியையும் அதுக்குள்ளயே வைச்சு, சாமியறையில வைக்கச் சொல்லுங்கோ. ஏன் சாமியறை எண்டால் எங்கட வீடுகளில எல்லாருக்கும் அது எங்க எண்டு தெரியும். சலரோகக்காரர் திடீரெண்டு வேர்த்து, மாறிக் கதைச்சு, கை நடுங்கினா சீனி இறங்கியிருக்கும், ஆள் முழிப்பா விழுங்கக்கூடிய மாதிரி இருந்தா சீனித்தண்ணி குடுக்கலாம். நினைவில்லாத ஆளின்ர வாயில ஒண்டும் ஊத்தாதேங்கோ. தண்ணியும் இல்லை, தீர்த்தமும் இல்லை. இதை நான் இண்டைக்கு இன்னும் நாலு தரம் சொல்லுவன்.

உரும்பிராய்: வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கிறது சரியோ?

இல்லை. திறப்புக் கோர்வையால கை கிழிஞ்ச ஆக்களை ஏத்தியிருக்கிறன். ஒரு பக்கமாச் சரிச்சு விடுங்கோ, வாயில கரண்டி வைக்காதேங்கோ, மணிக்கூட்டைப் பாருங்கோ, 5 நிமிசம் தாண்டினா உடன போன்.

பெயர் வேண்டாம்: சம்பளம் எவ்வளவு?

...

புத்தூர் அம்மா: கொதி எண்ணெய் பட்டா பற்பசை பூசலாமோ?

வேண்டாம் அம்மா. தோசைமாத்தான் பூசேல்லை, மற்ற எல்லாம் பூசிக்கொண்டு வருகினம். தண்ணி, வெறும் ஓடுற தண்ணி, 20 நிமிசம். ஐசும் வேண்டாம்.

கரவெட்டியான்: போன கிழமை எங்கட பக்கம் ஒரு பெடியனைப் பாம்பு கடிச்சது. நீங்கள் வந்து ஏத்திக்கொண்டு போனியள். என்ர அப்பப்பா விசகடி பாக்கிற பரியாரி, நாட்டு வைத்தியர், நூற்றுக்கணக்கான ஆக்களைச் சுகப்படுத்தினவர், அவரிட்டக் காட்டியிருந்தா செலவும் இல்லை அலைச்சலும் இல்லை. ஏன் நீங்கள் பரியாரியிட்டப் போக வேண்டாம் எண்டு சொல்லுறியள்?

தம்பி, அப்பப்பாவில மரியாதை வைச்சுத்தான் எழுதுறன். என்ர அம்மம்மாவையும் சின்னனில பரியாரியிட்டத்தான் கொண்டு போனவை, பிழைச்சவ. ஆனா கணக்கைப் பாருங்கோ. இங்க கடிக்கிற பாம்பில கனக்க விசமில்லாதது. விசப்பாம்பும் எல்லாத் தரமும் விசத்தை இறக்கிறதில்லை, பல்லுப் பட்டும் விசம் ஏறாத கடி இருக்கு. அந்த ஆக்கள் வேப்பிலை அடிச்சாலும் பிழைப்பினம், தேத்தண்ணி குடிச்சாலும் பிழைப்பினம். அப்பப்பாவின்ர நூற்றுக்கணக்கில எத்தினை பேர் உந்தக் கணக்கு எண்டு ஆர் எழுதி வைச்சது?

இனி விசம் ஏறின ஆளை எடுங்கோ. எட்டடி விரியன், இந்தியாவில கட்டுவிரியன் எண்டுவினம். ராத்திரியில பாயில படுத்திருக்கிற ஆளைத்தான் கூடுதலாக் கடிக்கும். கடிச்ச இடத்தில நோவும் இல்லை வீக்கமும் இல்லை, விடிய எழும்பேக்க வயித்து நோ, சத்தி, பேந்து கண் இமை தூங்கும், கதைக்க நாக்குப் புரளாது, அதுக்குப் பிறகு மூச்சு எடுக்கிற தசையும் நிண்டுபோகும். எட்டடி வைக்க முதல் விழுவான் எண்டு சொல்லுறது சும்மா கதை, மணித்தியாலக் கணக்கில நேரம் இருக்கு, அந்த மணித்தியாலத்தை எங்க செலவழிக்கிறியள் எண்டதுதான் விசயம். அந்த நேரம் ஆளுக்குத் தேவை மூச்சு விட ஒரு மெசின். பரியாரியின்ர விறாந்தையில அது இல்லை.

கரவெட்டியான்: ஆஸ்பத்திரியில மட்டும் சாகேல்லையோ? அந்த ஊசி போட்டே ஆக்கள் நடுங்கிச் செத்திருக்கினம்.

நடுங்கும், உண்மை. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து இந்தியாவில செய்யிற விசமுறிவு மருந்து, குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறது. ஒவ்வாமை வரும், சில பேருக்குக் கடுமையா வரும். அதாலதான் பாம்பு கடிச்ச எல்லாருக்கும் அதை ஏத்துறதில்லை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிசம் அசைக்காமல் வைச்சு உறையுதோ எண்டு பாத்து, கண் இமையைப் பாத்து, தேவை எண்டால்தான் போடுவினம், பக்கத்தில ஒவ்வாமைக்குக் குடுக்கிற அட்ரினலினும் வைச்சுக்கொண்டு. உங்கட கேள்விதான் ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டதுக்குக் காரணம்.

வடமராட்சி மச்சான்: கரவெட்டியான் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. எங்கட ஆக்களின்ர அறிவு எல்லாம் பொய்யோ? வெள்ளைக்காரன் சொன்னாத்தான் சரியோ?

மச்சான், குதிரைக்கு ஊசி போட்டு மருந்து எடுக்கிறது இந்தியாக்காரன், ஆஸ்பத்திரியில அதைப் போடுறது எங்கட யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வெள்ளைக்காரன் எங்க வந்தான் இதுக்குள்ள?

பரியாரிமார் எல்லாரையும் நான் குறை சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஐயா இருக்கிறார், பெயர் வேண்டாம், பரம்பரை விசகடி வைத்தியர். ஆள் வந்த உடன திருநூறு பூசி, ரெண்டு சொல்லு மந்திரம் சொல்லி, "இனிப் பயமில்லை, அம்புலன்ஸ் வரும்" எண்டு தன்ர போனிலயே 1990 எடுப்பார். ஆக்களும் பதட்டம் இல்லாமல் இருப்பினம், காலையும் ஆட்ட மாட்டினம். அவர் அனுப்பின கேசில நாங்கள் போறதுக்குள்ள கட்டுப் போட்டு இறுக்கினது, பிளேட்டால கீறினது ஒண்டையும் நான் காணேல்லை. உந்த மாதிரி எல்லாரும் இருந்தா நான் ஏன் சண்டை பிடிக்கிறன்?

கொக்குவில்: குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். அப்பாவுக்குக் காலமையில இருந்து நெஞ்சு இறுக்கமா இருக்காம், வேர்த்துக் கொட்டுது, இடக்கை நோகுதாம். வாயு எண்டு சோடா குடிச்சவர், குறையேல்லை. என்ன குளிசை குடுக்கலாம்?

இதை எனக்கு எழுதாதேங்கோ. இப்ப, இந்த வரியோட நிப்பாட்டி, 1990 அடியுங்கோ. நெஞ்சு நோ, வேர்க்குது எண்டு சொல்லுங்கோ. அப்பாவை நடக்க விடாதேங்கோ, சாய்ஞ்சு இருக்க விடுங்கோ, மோட்டச்சைக்கிளில ஏத்தாதேங்கோ. அஸ்பிரின் ஒத்துவராது எண்டோ வயித்துப் புண்ணில இரத்தம் போறது எண்டோ முதல் சொல்லியிருந்தா ஒண்டும் குடுக்காதேங்கோ, அப்பிடி இல்லையெண்டா 300 மில்லிகிராம் சப்பி விழுங்கக் குடுக்கிறது வழமை, ஆனா முதல் போன். தயவு செய்து.

கரவெட்டியான்: சரி, அப்ப கடிச்ச பாம்பை அடிச்சுக் கொண்டு வரோணுமோ இல்லையோ?

வேண்டாம். அடிக்கப் போய் ரெண்டாவது ஆளையும் ஏத்தியிருக்கிறன், அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில. ஒருக்கா உரபாக்கில கொண்டு வந்த பாம்பு பாதி வழியில அசைஞ்சது, பைலட் அண்டைக்கு ஓடின ஓட்டம் வாழ்க்கையில மறக்க மாட்டன். தூர நிண்டு போனில ஒரு படம் எடுத்தாக் காணும். கட்டாதேங்கோ, கீறாதேங்கோ, உறிஞ்சாதேங்கோ, மோதிரத்தைக் கழட்டுங்கோ, கடிபட்ட காலை ஆட்டாமல் வையுங்கோ. பாம்புக் கதை இதோட முடிஞ்சுது. கட்டிலில படுங்கோ, நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழ செருகுங்கோ, எட்டடி விரியனுக்கு அதைவிட நல்ல மந்திரம் இல்லை.

நாவற்குழி: எவ்வளவு நேரத்தில வருவியள்?

மேல பாருங்கோ.

தீவான்: நெடுந்தீவில இருக்கிற எங்களுக்கு உந்த 1990 என்ன பிரயோசனம்?

நியாயமான கேள்வி, பகிடியாப் பதில் சொல்ல மனம் வரேல்லை. அங்க ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா பெரிய வருத்தம் எண்டால் இக்கரையில இருக்கிற குறிகாட்டுவான் இறங்குதுறைக்குக் கடலால வரோணும், அது ஒரு மணித்தியாலப் பயணம், ராத்திரியில நேவிப் படகுதான் கை குடுக்கிறது. இறங்குதுறையில காவல் நிண்டிருக்கிறன். அலையுக்க படகு ஏறி இறங்க ஸ்ட்ரெச்சரைக் கை மாத்துறது எங்கட வேலையிலயே பயமான வேலை. அதுக்குப் பிறகும் புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டி ரவுணுக்கு வரோணும். பிள்ளைத்தாச்சி எண்டால் நாள் கிட்டேக்கயே இக்கரைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில நில்லுங்கோ. இதைவிட நல்ல பதில் என்னட்ட இல்லை.

பளைப் பெடியன்: சித்தப்பா சீவல் தொழில். பனையால விழுந்தா என்ன செய்யோணும்?

தூக்காதேங்கோ. நாலு பேர் கையையும் காலையும் பிடிச்சு ஓட்டோவுக்க மடிச்சு வைச்சுக் கொண்டு போறதைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறன். விழேக்க முறியாத முதுகெலும்பு நரம்பு ஓட்டோவில அறும். ஒரு ஆள் தலையை ரெண்டு கையாலயும் அசையாமல் பிடிச்சிருக்கட்டும், நாங்கள் பலகையோட வருவம். கள்ளுக் குடுத்துத் தெளிய வைக்கிறதும் வேண்டாம், சிரிக்காதேங்கோ, நடந்திருக்கு.

ரெண்டு பிள்ளையின்ர அம்மா: மூச்சு இல்லாத ஆளுக்கு நெஞ்சை அமத்திறது எங்களால ஏலுமோ?

ஏலும் அக்கா. நெஞ்சின்ர நடுவில, ரெண்டு கையும் ஒண்டுக்கு மேல ஒண்டு, பெரிய ஆள் எண்டால் 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், நிமிசத்துக்கு 100 இல் இருந்து 120 தரம். விலா எலும்பு கிறீக் எண்டும், பயந்து விடாதேங்கோ, எலும்பு பேந்து பொருந்தும். வாயால ஊதப் பயமெண்டால் அமத்திறது மட்டும் செய்யுங்கோ. நாங்கள் வருமட்டும் விடாமல், களைச்சா ஆளை மாத்துங்கோ. நாங்கள் வரேக்க ஆரும் அமத்திக்கொண்டு நிண்ட வீடு எத்தினை எண்டு கை விரலில எண்ணலாம். மற்ற வீடுகளில தலைமாட்டில குத்துவிளக்கு ஏத்தியிருப்பினம்.

சுதுமலைப் பெடியன்: அண்ணை உங்களுக்கு இதெல்லாம் பாத்து நித்திரை வருமோ?

சில நாள் வராது. சின்னப் பிள்ளையள் எண்டால் கஷ்டம். பைலட்டும் நானும் வண்டியைக் கழுவிப்போட்டுத் தேத்தண்ணிக் கடையில ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்திருக்கிறம். வீட்டுக்கு வந்தா மனிசி என்னெண்டு கேக்க மாட்டா, சோத்தைப் போட்டு வைப்பா. மற்றபடி முதுகு நோதான் பெரிய பிரச்சினை.

கொக்குவில்: அம்புலன்ஸ் கிட்ட வந்திட்டுதாம், வீட்டைக் கண்டுபிடிக்க ஏலாமல் நிக்கினமாம். அப்பா முழிப்பா இருக்கிறார்.

வெளியில ஓடுங்கோ. ஒழுங்கை முகப்புக்கு. ரோச் இல்லாட்டி போன் லைற்றைக் காட்டுங்கோ. எனக்கு எழுதாதேங்கோ.

சாவகச்சேரி: அண்ணை எவ்வளவு நேரத்தில

பொறுங்கோ. கொக்குவில்காரர் வந்து சொல்லுமட்டும் நான் ஒருத்தருக்கும் பதில் எழுதேல்லை.

கொக்குவில்: ஏத்திட்டினம். நான் பின்னால மோட்டச்சைக்கிளில போறன்.

மெதுவாப் போங்கோ. ஹெல்மட் போடுங்கோ. கிளினிக் கொப்பி எடுத்தனீங்களோ?